தலைக்கு ஒரு பிடி

ஆலத்திமேடு,
20.2.2025

அன்புள்ள ராதிகா அக்காவுக்கு,

தங்கை வளர்மதி எழுதுகிறேன். எனக்குச் சளி விட்டபாடில்லை. பாப்பாவுக்கு வாயைத் தவிர வேறு எதிலும் கோளாறு இல்லை. நீயும் மாமாவும் அஜித்தும் சுகமாக இருக்கிறீர்களா? மாமாவின் வேனுக்குச் சவாரி கிடைக்கிறதா?

இந்தக் காலத்தில் எவள் கடிதம் எழுதுவாள் என்று சிரிக்காதே. வீட்டில் இருந்த ஒரே போனை என் வீட்டுக்காரர் எடுத்துக்கொண்டு போய்விட்டார். மூக்காயி போனைக் கடன் வாங்கிப் பாறை உச்சியில் ஏறி உனக்கு அடித்தால் மாமாதான் எடுக்கிறார். அவரிடம் நான் எவ்வளவு நேரம் கரும்பு விளைச்சலைப் பேசுவது?

என் வீட்டுக்காரர் ஐப்பசியில் வேலைக்குப் போனது உனக்குத் தெரியும். மாமா ஏற்பாடு செய்த மிளகு எஸ்டேட்டில் இருந்து கார்த்திகையில் இரண்டு முறை பேசினார். அதற்கப்புறம் சத்தமே இல்லை. நான் கேட்டால் மாமா ‘பார்க்கலாம்’ என்கிறார், நீ கேட்டு எழுது.

இங்கே ஒரு புது வேலை நடக்கிறது. கள்ளக்குறிச்சியில் சன்மார்க்க சங்கத்தில் இருக்கிற பூமாலை என்ற அம்மா தைப்பூசம் கழிந்து கஞ்சி ஊற்ற வந்தார். ஊற்றிவிட்டுப் போகாமல் மாரியாயி கோயில் வாசலில் உட்கார்ந்து, “உங்க ஊரைப் பத்தி நீங்களே தெரிஞ்சிக்கணும்னு நெனைக்கறது எதுங்க?” என்று கேட்டார். எல்லாரும் ரோடு, தண்ணி என்று வழக்கமான பாட்டைப் பாடினோம். மூக்காயி மட்டும், “ஆடிக்குக் கூழ் ஊத்தறப்ப என் கையில ஒரு புடி சாமை நிக்குது. அத்தப் போடறதா வேணாமான்னு தெரியணும். வேற இன்னா தெரியணும் எனக்கு?” என்றாள்.

நீ கீழே இறங்கிப் பதினாறு வருஷம் ஆகிறது, மறந்திருப்பாய். வீட்டில் தலைக்கு ஒரு பிடி சாமை கூழ்ப் பானையில் விழ வேண்டும். வெளியூர் போனவனுக்கும் அவன் பேரைச் சொல்லி “இருக்கான் தாயே” என்று போட வேண்டும். செத்தவனுக்குப் போட்டால் அந்த வீட்டில் இன்னொரு தலை போகும். உயிரோடு இருப்பவனுக்குப் போடாமல் விட்டால் நாமே அவனைக் கொன்றதாகும். மூக்காயி புருஷன் ராசு போய் ஒன்றரை வருஷம். போன ஆடியில் அவள் மூடிய கையோடு நின்றாள், போடவும் இல்லை, எடுக்கவும் இல்லை. பூசாரி ராமசாமிதான் கையைப் பிடித்து நகர்த்திவிட்டார்.

அவள் சொன்னதைக் கேட்டுப் பூமாலையம்மா, “இதாங்க ஆராய்ச்சி. நான் நோட்டு வாங்கித் தர்றேன். கேள்வியும் உங்களுது, பதிலும் உங்களுது” என்றார். எழுதப் படிக்கத் தெரிந்த பாவத்துக்கு நோட்டு என் தலையில் விழுந்தது.

பதில் போடு.

உன் தங்கை,
வளர்மதி


கச்சிராயபாளையம்,
4.3.2025

அன்புத் தங்கை வளர்மதிக்கு,

அக்கா எழுதிக்கொண்டது. நாங்கள் மூவரும் கடவுள் புண்ணியத்தில் இருக்கிறோம். உன் சளிக்குத் தூதுவளைப் பொடியும், பாப்பாவுக்கு ஒரு கவுனும் பஸ் கண்டக்டரிடம் கொடுத்திருக்கிறேன். கவுன் கொஞ்சம் பெரிதாக இருக்கும். வளருகிற பிள்ளைதானே.

அணையில் தண்ணீர் இருக்கிறது. கரும்பு வெட்டு நடக்கிறது. அஜித்துக்குப் பரீட்சை வருகிறது.

உன் வீட்டுக்காரர் நன்றாகத்தான் இருப்பார். எஸ்டேட்டில் டவர் இல்லையாம், உன் மாமா சொன்னார். வீணாக மனதைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதே.

அந்த நோட்டு வேலை உனக்கு எதற்கு வளர்மதி? வேலியில் போகிற ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டு குத்துது குடையுது என்று பிறகு அழாதே. கஞ்சி ஊற்ற வந்தவர்கள் ஊற்றிவிட்டுப் போகட்டும். நோட்டில் எழுதினது யார் என்று உன் பெயர் போட்டிருக்கிறதா? போட்டிருந்தால் கிழித்துவிடு.

இப்படிக்கு அக்கா,
ராதிகா


ஆலத்திமேடு,
23.3.2025

அன்புள்ள அக்காவுக்கு,

பொடியில் சளி போய்விட்டது. கவுன் பாப்பாவின் கணுக்கால் வரை வருகிறது, அதைப் போட்டுக்கொண்டு ஊர் முழுவதும் பெருக்குகிறாள். அங்கே எல்லாரும் நலம்தானே?

நீ எதற்கு இப்படிப் பயப்படுகிறாய்? மடியில் கனம் இருந்தால்தானே வழியில் பயம்? நமக்கு என்ன கனம்?

வேலை எப்படி நடக்கிறது என்று சொல்கிறேன். பூசாரி முதலில், “ஆராய்ச்சின்னா காலேஜுல பண்றது. கோயில்ல இன்னா ஆராய்ச்சி?” என்று துள்ளினார். இரண்டு நாள் கழித்து அவரே வந்து ஒரு நிபந்தனை போட்டார். வீடு வீடாகப் போய்க் கேட்டால் நம் ஜனம் பொய் சொல்லும். ஆகையால் ஒவ்வொரு பெண்ணும் கோயிலுக்கு வந்து, பீடத்தின் மேல் கை வைத்துத்தான் பதில் சொல்ல வேண்டும். எழுதினதை ஆடிக் கூழ் அன்று ஊருக்கு முன்னால் வாசிக்க வேண்டும். “தாயி முன்னால சொன்னத தாயி முன்னாலதான் படிக்கணும். நடுவுல மூணாம் பேரு கண்ணுல படக்கூடாது” என்றார். பூமாலையம்மாவுக்கு இது ரொம்பப் பிடித்துவிட்டது. நோட்டை அவரே தொடுவதில்லை.

கேள்வி நான்குதான். யார் போனார், எங்கே என்று சொல்லிப் போனார், யார் கூட்டிப்போனார், கடைசியாக என்ன தெரியும்.

அக்கா, இதுவரை இருபது வீடு முடிந்தது. மூக்காயி பீடத்தில் கை வைத்ததும் உண்மையைச் சொல்லிவிட்டாள். எஸ்டேட் இல்லையாம். ஆந்திராவில் செம்மரம் வெட்டப் போனாராம். “உன் ஆளு ஒருத்தன்தான் செம்மரத்துக்குப் போறான், மத்தவங்க எல்லாம் எஸ்டேட்டு. வாயத் தொறந்தா அவனத்தான் ஜெயில்ல போடுவாங்க” என்று நம்ம ஊர் சரத்குமார் மிரட்டிவிட்டுப் போனானாம். அவள் ஒன்றரை வருஷம் வாயைத் திறக்கவில்லை. அதற்கு மறுநாள் வந்தவளும் அதையே சொன்னாள், வார்த்தை மாறாமல். அடுத்தவளும் அதையே. ஒவ்வொருத்தியும் தன் புருஷன் ஒருவன்தான் என்று நினைத்துத் தனித்தனியாக வாயைப் பொத்திக்கொண்டு இருந்திருக்கிறார்கள். அந்தச் சரத்குமார் என்னைக் கண்டால் இப்போது வண்டியை மெதுவாக ஓட்டுகிறான்.

என் வீட்டுக்காரரை அனுப்பினது மாமா என்பதால் எனக்கு அந்தக் கவலை இல்லை. மற்றவர்களை நினைத்தால்தான் தூக்கம் வரவில்லை.

கோடை மழையில் கோயில் கூரை ஒழுகி நோட்டு நனைந்துவிட்டது. ஒன்பது தாள் மை கரைந்து கிடக்கிறது. உன் கையெழுத்து அச்சு மாதிரி இருக்கும். தாள்களை இதோடு வைத்திருக்கிறேன், நல்ல தாளில் எழுதி அனுப்பு. பூசாரிக்குத் தெரிந்தால் தோலை உரிப்பார். ஆனால் நீ எனக்கு மூன்றாம் பேரா?

தங்கை,
வளர்மதி


கச்சிராயபாளையம்,
29.4.2025

அன்புத் தங்கைக்கு,

அக்கா எழுதிக்கொண்டது. பதில் தாமதமானதற்கு மன்னித்துக்கொள். படியில் விழுந்து வலது கை வீங்கிவிட்டது. இப்போது விரலை மடக்க முடிகிறது. நீயும் பாப்பாவும் எப்படி இருக்கிறீர்கள்? பாப்பாவைத் தனியாக வெளியே விடாதே, வெயில் காலம்.

தாள்களை எழுத முடியவில்லை. அரிசி டின்னுக்கு அடியில் பத்திரமாக இருக்கின்றன. உன் மாமா பார்க்கவில்லை.

இனிமேல் வீட்டு முகவரிக்கு எழுதாதே. பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் அமிர்தம் தையல் கடை இருக்கிறது, அந்த முகவரிக்கு எழுது. அமிர்தம் நல்லவள். அவளுக்குத் தியாகதுருகத்தில் தாய் வீடு.

அணையில் தண்ணீர் குறைந்துவிட்டது.

அக்கா


ஆலத்திமேடு,
8.5.2025

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கை எப்படி இருக்கிறது? உங்கள் வீட்டில் எனக்குத் தெரிந்து ஒரே ஒரு படிதான். அதில் எப்படி விழுந்தாய்?

மாமா தாள்களைப் பார்த்தாரா என்று நான் கேட்கவே இல்லையே. கேட்காததற்கு ஏன் பதில் சொன்னாய்?

போன வாரம் செவ்வாய்க்கிழமை சரத்குமார் அங்கன்வாடிக்கு வந்தான். பாப்பாவைத் தூக்கிக் கன்னத்தைத் தட்டி, “நல்லா வளந்துட்டாளே” என்றான். பிறகு என் பக்கம் திரும்பி, “மூக்காயி தாயி முன்னால கைய வெச்சி அழுதாளாமே. ‘என் தாலிய நீயே வெச்சிக்கோ, அவரு உசுர குடு’ன்னாளாமே. கேட்டுக்கினுதான் இருக்கோம், எல்லாத்தையும்” என்றான். பாப்பாவை இறக்கிவிட்டு, சிரித்துக்கொண்டே போனான்.

அக்கா, மூக்காயி அதைச் சொன்னபோது கோயிலில் நானும் பூசாரியும் மட்டும்தான் இருந்தோம். நான் வார்த்தை மாறாமல் எழுதினேன். அந்தத் தாள் உன்னிடம் இருக்கிறது.

அன்று சாயங்காலமே பூசாரியிடம் உண்மையைச் சொன்னேன். திட்டுவார் என்று பார்த்தேன், திட்டவில்லை. “நீ செஞ்ச தப்ப நீயே தாயிகிட்ட சொல்லு. அப்புறம் பொம்பளைங்ககிட்ட சொல்லு” என்றார். சொன்னேன். மூக்காயி என் முகத்தைப் பார்க்காமல் எழுந்து போய்விட்டாள். இரண்டு பெண்கள் தங்கள் பதிலை அடித்துவிடச் சொன்னார்கள், அவர்கள் எதிரிலேயே அடித்துவிட்டேன். யாரும் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

அதில் இருந்து தினம் எங்கள் கூரை மேல் கல் விழுகிறது. ஒரு நாளைக்கு ஒன்று. பாப்பா குரங்கு என்கிறாள். நானும் ஆமாம் என்கிறேன்.

தாள் எப்படி வெளியே போனது என்று மட்டும் எழுது.

வளர்மதி


கச்சிராயபாளையம்,
17.5.2025

வளர்மதிக்கு,

நிறுத்திவிடு. நோட்டை எரித்துவிடு. பாப்பாவைக் கூட்டிக்கொண்டு அந்தப் பூமாலையம்மா வீட்டுக்குப் போய் இரண்டு மாதம் இரு. என்னை எதுவும் கேட்காதே, உன் காலைப் பிடித்துக் கேட்டுக்கொள்கிறேன். உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா


ஆலத்திமேடு,
2.6.2025

அன்புள்ள அக்காவுக்கு,

நானும் பாப்பாவும் உயிரோடு இருக்கிறோம். நீயும் அப்படியே இருக்க மாரியாயியை வேண்டிக்கொள்கிறேன்.

நிறுத்தவில்லை. நிறுத்தலாம் என்றுதான் நினைத்தேன், பயம் என்னைப் பாதியாகத் தின்றுவிட்டது. உன் கடிதம் வந்த அன்று நோட்டை எடுத்துக்கொண்டு மூக்காயி வீட்டுக்குப் போய், “இந்தா, நீயே அடுப்புல போடு” என்றேன். அவள் வாங்கிப் புரட்டினாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. “இதுல என் வூடு எங்க இருக்குது?” என்றாள். காட்டினேன். “பக்கத்துல இருக்கறது யாரு?” என்றாள். சொன்னேன். அவள் ஒவ்வொரு பக்கமாகக் கேட்டுக்கொண்டே வந்தாள். கடைசியில், “இத்தினி பேரா இருந்தோம்?” என்று கேட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள். மறுநாள் பதிலை அடித்த இரண்டு பேரையும் அவளே கோயிலுக்குக் கூட்டி வந்தாள்.

இப்போது நாற்பத்தைந்து வீடு முடிந்தது. வெளியூர் போனவர்கள் முப்பது பேர். இருபத்து மூன்று பேரிடம் இருந்து போன் வருகிறது. ஏழு பேரைப் பற்றி ஒன்றும் தெரியவில்லை. அந்த ஏழு பேரும் சரத்குமார் சொல்லி இறங்கிப் போனவர்கள். ஏழு பேரும் அணைக்குப் பக்கத்தில் நின்று, ஊதா வேனில் ஏறினார்கள். கண்ணாடியில் முருகன் வேல் ஒட்டிய ஊதா வேன்.

நாற்பத்தாறாவது வீடு என்னுடையது. நான் இன்னும் பீடத்தில் கை வைக்கவில்லை. யார் கூட்டிப்போனார் என்ற கேள்வி வரும். நான் என்ன சொல்வது?

மாமா வேனில் வேல் ஒட்டினது நீதானே. அஜித் பிறந்த வருஷம் ஒட்டினாய்.

ஆகஸ்ட் ஒன்றாம் தேதி வெள்ளிக்கிழமை கூழ் ஊற்றுகிறோம். அன்றைக்கு வாசிக்க வேண்டும், அன்றைக்கே பிடியும் போட வேண்டும். உன் வீட்டை ஊருக்கு நடுவில் நிறுத்த எனக்கு ஆசையா? ஆனால் எனக்கு ஒரு சொல் வேண்டும் அக்கா. அவர் எஸ்டேட்டில் இருக்கிறாரா? எஸ்டேட் என்று ஒன்று இருக்கிறதா?

தங்கை,
வளர்மதி


ஆலத்திமேடு,
30.6.2025

அக்கா,

உடம்பு எப்படி இருக்கிறது? கடிதம் கிடைத்ததா? நாலு வாரம் ஆகிறது. தபால்காரர் தலை தெரிந்தால் பாப்பா ஓடுகிறாள். எனக்கு எழுந்திருக்கவே பயமாக இருக்கிறது, வெறுங்கையோடு வந்தாலும் பயம், ஏதாவது கொண்டுவந்தாலும் பயம்.

பூமாலையம்மா போன ஞாயிற்றுக்கிழமை வரும்போது மலைப்பாதையில் ஸ்கூட்டர் பிரேக் பிடிக்கவில்லை. ஒயரை யாரோ பாதி அறுத்து வைத்திருக்கிறார்கள். மண்மேட்டில் மோதி நின்றதால் பிழைத்தார். முழங்கை முழுவதும் சிராய்ப்பு. அப்படியே பஸ் ஏறி இங்கே வந்து, “எனக்குப் பயமா இருக்குதுங்க, மறைக்க மாட்டேன். நீங்க வேணாம்னா இதோட விட்டுடலாம்” என்றார். யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. பூசாரி எழுந்து போய் விளக்கை ஏற்றினார்.

இப்போது தண்ணிக்குப் போனாலும் விறகுக்குப் போனாலும் எட்டு பேராகத்தான் போகிறோம். கல் விழுவது நின்றுவிட்டது. அதுதான் இன்னும் பயமாக இருக்கிறது.

நல்லதோ கெட்டதோ எழுது அக்கா. நீ எழுதாமல் இருந்தால் நான் ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு விதமாக நினைத்துச் சாகிறேன்.

வளர்மதி


கச்சிராயபாளையம்,
21.7.2025

என் தங்கை வளர்மதிக்கு,

நலம் விசாரிக்க எனக்கு வாய் இல்லை. அமிர்தம் கடைக்கு உள்ளே, துணி வெட்டும் மேஜையில் உட்கார்ந்து எழுதுகிறேன். உன் இரண்டு கடிதத்தையும் படித்தேன். எழுத உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்துவிட்டேன். ஒவ்வொரு முறையும் ஒரு பொய்தான் வந்தது. உன் நான்கு கேள்விக்குப் பதில் சொன்னால் பொய் வராது என்று தோன்றியது. பீடம் இல்லை. இடது கையை அமிர்தம் கடை மாரியம்மன் படத்தின் மேல் வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

உன் நோட்டில் நாற்பத்தேழாவது வீடு என்று போட்டுக்கொள்.

யார் போனார்? என் தங்கை புருஷன் ராஜேஷ்.

எங்கே என்று சொல்லிப் போனார்? மிளகு எஸ்டேட் என்று. எஸ்டேட் கிடையாது. கொஞ்ச நாள் அடைத்து வைத்திருந்து செம்மரம் வெட்டக் காட்டுக்குள் விடுவார்கள். உனக்கு இரண்டு முறை பேசினது அங்கே இருந்துதான், பக்கத்தில் ஆள் நின்று பேச வைத்தார்கள்.

யார் கூட்டிப்போனார்? என் வீட்டுக்காரர். கல்யாணமான நாள் முதல் அந்தப் பேரை நான் சொன்னதும் இல்லை, எழுதினதும் இல்லை. ரேஷன் கார்டுக்குக் கூட அஜித்தைத்தான் சொல்ல வைப்பேன். தர்மன். ஊதா வேன் தர்மன்.

கடைசியாக என்ன தெரியும்? மார்கழியில் ஒரு மத்தியானம் அவர் வேனைக் கழுவிக்கொண்டே போனில் பேசினார். நான் உள்ளே ரசத்துக்குப் புளி கரைத்துக்கொண்டு இருந்தேன். “சகலை பாறையில இருந்து வுழுந்துட்டானா? லாரி சத்தத்த போலீசுன்னு நெனச்சி ஏண்டா ஓடறான்? சரி, அங்கயே மூடிடுங்க” என்றார். அவருக்குச் சகலை முறை வருகிற ஆள் அந்தக் கூட்டத்தில் ஒருவர்தான்.

அதனால், இந்த ஆடிக்கு ராஜேஷ் பேரில் பிடி எடுக்காதே வளர்மதி.

மார்ச்சில் “நன்றாகத்தான் இருப்பார்” என்று உனக்கு எழுதினபோதே எனக்குத் தெரியும். கவுன் வாங்கும்போதும் தெரியும். தகப்பன் இல்லாத பிள்ளை என்று நினைத்துத்தான் பெரிய அளவாக எடுத்தேன், இரண்டு வருஷம் வரட்டும் என்று. என்னை நீ மன்னிக்க வேண்டாம். தாள்களை என் வீட்டுக்காரர்தான் எடுத்தார். எழுதிக்கொண்டிருந்த கையைக் கதவில் வைத்து நசுக்கினார். பயந்துதான் இருந்தேன்.

மற்ற ஏழு பேரில் ஐந்து பேர் உயிரோடு ஆந்திராவில் ஒரு ஜெயிலில் இருக்கிறார்கள். அவர் போனில் சொல்லக் கேட்ட பேர்களைத் தனித் தாளில் எழுதியிருக்கிறேன். மூக்காயி வீட்டு ராசு அதில் முதல் பேர். அவளிடம் இன்றைக்கே சொல், ஒரு நாள் கூடத் தள்ளாதே. மீதி இரண்டு பேரைப் பற்றி எனக்குத் தெரியாது.

வரும் வியாழக்கிழமைக்கு அடுத்த வியாழன், முப்பத்தொன்றாம் தேதி, அவர் சேலம் போகிறார். நான் அஜித்தைத் தியாகதுருகத்தில் அமிர்தம் தாய் வீட்டில் விட்டுவிட்டு, வெள்ளிக்கிழமை முதல் பஸ்ஸில் மேலே வருகிறேன். இதை நானே பீடத்தில் கை வைத்துச் சொல்ல வேண்டும். உன் எதிரில் சொல்ல வேண்டும்.

அக்கா,
ராதிகா


கள்ளக்குறிச்சி,
4.8.2025

அன்புள்ள அக்காவுக்கு,

உன் தங்கை எழுதுகிறேன். நானும் பாப்பாவும் சுகம் என்று சொல்ல முடியாது, ஆனால் இருக்கிறோம். நீ எப்படி இருக்கிறாய் என்று ஒரு வரி எழுதினால் போதும். இதைத் தியாகதுருகத்தில் அமிர்தம் தாய் வீட்டு முகவரிக்கு அனுப்புகிறேன்.

கலெக்டர் ஆபீஸ் வாசலில், மனு கொடுக்கிற வரிசையில் உட்கார்ந்து எழுதுகிறேன். பக்கத்தில் பூமாலையம்மா, மூக்காயி, இன்னும் முப்பது பெண்கள் இருக்கிறார்கள். பூசாரி செருப்பு இல்லாமல் வந்து, சுடுகிற தரையில் காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு நிற்கிறார்.

வெள்ளிக்கிழமை முதல் பஸ் வந்தது. நீ அதில் இல்லை. இரண்டாவது பஸ்ஸிலும் இல்லை. கண்டக்டரைக் கேட்டேன், அந்த மாதிரி யாரும் ஏறவில்லை என்றார். உனக்காகப் பூசாரி கூழைப் பத்து மணியில் இருந்து பன்னிரண்டு மணி வரைக்கும் நிறுத்தி வைத்தார்.

அப்புறம் வாசித்தோம். நாற்பத்தைந்து வீட்டையும் வாசித்துவிட்டு, என் வீட்டுக்கு வந்ததும் பீடத்தில் கை வைத்தேன். நாற்பத்தேழாவது வீட்டை உன் எழுத்திலேயே வாசித்தேன். மாமா பேர் வந்த இடத்தில் நிறுத்திவிட்டேன், மூக்காயி முதுகைத் தடவினாள். சரத்குமார் ஆலமரத்துக்குக் கீழே வண்டியில் உட்கார்ந்திருந்தான். வாசித்து முடித்ததும் பெண்கள் எல்லாரும் அவன் பக்கமாகத் திரும்பிப் பார்த்தார்கள். அவன் வண்டியை ஸ்டார்ட் பண்ண மூன்று தரம் மிதித்தான். இனிமேல் யார் வேலைக்கு இறங்கினாலும் போகிற இடமும் கூட்டிப்போகிற ஆளும் கோயில் நோட்டில் எழுதாமல் போகக்கூடாது என்று ஊர் கட்டுப்பாடு போட்டிருக்கிறது.

மூக்காயி “ராசு இருக்காரு தாயே” என்று கத்தியே போட்டாள். பிடி சிந்திச் சிதறியது. இன்னும் நாலு பேர் அப்படிப் போட்டார்கள். என் முறை வந்தது. எனக்கு ஒன்று, பாப்பாவுக்கு ஒன்று. அதோடு நிறுத்திக்கொண்டேன். அழ வேண்டும் என்று நினைத்தேன், வரவில்லை. பாப்பா, “அப்பாவுக்கு?” என்று கேட்டாள்.

நேற்று மூக்காயியும் நானும் கச்சிராயபாளையம் போனோம். உன் வீடு பூட்டியிருக்கிறது. வேன் இல்லை. வியாழக்கிழமை காலையிலேயே நீங்கள் மூன்று பேரும் வேனில் போனதாகப் பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார். நீ முன்சீட்டில் உட்கார்ந்திருந்தாயாம். அமிர்தம் கடையும் பூட்டியிருக்கிறது. இந்த மனுவில் உன் பேரும் அஜித் பேரும் சேர்த்திருக்கிறோம், காணவில்லை என்று.

ஒன்று சொல்ல வேண்டும். வெள்ளிக்கிழமை எல்லாரும் போட்டு முடித்த பிறகு நான் திரும்பவும் கூடையில் கை விட்டேன். பூசாரி என் மணிக்கட்டைப் பிடித்தார். “கட்டிக் குடுத்த பொண்ணு தலை இங்க வராது. அதுவும் சேதி தெரியாம போடாதம்மா. ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா உன் வூட்டுலதான் விடியும்” என்றார். எங்கள் வீட்டில் இப்போது நானும் பாப்பாவும்தான் தலை. எனக்கு அது தெரியாமல் இல்லை.

“ராதிகா இருக்கா தாயே” என்று சொல்லிப் போட்டேன்.

பதில் எழுது அக்கா.

உன் தங்கை,
வளர்மதி